சட்டமேதை பெனகல் நரசிங்க ராவ்

நம் பாரத நாட்டின் அரசியல் சாசனம் என்றவுடன் டாக்டர் அம்பேத்கரின் பெயரே எவர் நாவிலும் முதலில் எழும். அது முற்றிலும் முறையே. எனினும் அப்பெருமகனாரே, 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய நிறைவுரையில், தமக்குச் சூட்டப்படும் புகழில் ஒரு பகுதி வேறொருவருக்கு உரியது என்று மனமுவந்து அறிவித்தார். சாசனத்தின் முதல் வரைவை எழுதி, வரைவுக் குழுவின் ஆய்வுக்கு வைத்தவர் அவரே என்றும் எடுத்துரைத்தார். மறுநாள் சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அவர்களும் அதே பெயரைக் குறிப்பிட்டு, அம்மனிதர் ஊதியம் ஏதுமின்றி இத்தனை உழைப்பையும் நல்கினார் என்பதை நாடறியச் செய்தார். அவர்தாம் சர் பெனகல் நரசிங்க ராவ். பி.என். ராவ் என்பது வழக்கில் உள்ள சுருக்கப் பெயர்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் எந்த வரலாற்றுப் பாடநூலிலும் இவருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் இருந்ததாக நினைவில்லை. அரசியல் மேடைகளில் பேசியவரல்லர், தேர்தலில் நின்றவரல்லர், சிறை சென்றவருமல்லர். ஆங்கில அரசின் கீழ் ஐ.சி.எஸ். உத்தியோகம் பார்த்தவர். இத்தகையோரை நம் மாணவர்கள் அறியாமற்போவது வியப்பன்று. ஆயினும் நம் சமண சமுதாயத்தார் இவரை அறிந்துகொள்ள வேண்டியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம் இல்லத் திருமணங்களும், தத்து எடுத்தலும், தந்தையின் நிலத்தில் மகளுக்குள்ள பங்கும் இன்று எந்தச் சட்டங்களின்கீழ் அமைந்துள்ளனவோ, அச்சட்டங்களுக்கு முதல் உருவம் கொடுத்த குழுவின் தலைவர் இவரே. அவர் செய்தது நமக்கு முழு நன்மையா என்று கேட்டால், ஆம் என்று உடனே கூறிவிட இயலாது. அதனை உரிய இடத்தில் விரித்துரைப்போம்.

நரசிங்க ராவ் 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் தென்கன்னட மாவட்டத்தில் பிறந்தார். அம்மாவட்டம் அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. ஆகவே அவரை நம் மாகாணத்தவர் என்றே சொல்லலாம். கார்க்களத்துப் பாகுபலி பெருமானையும் மூடபித்ரி ஜினாலயங்களையும் தரிசித்து வந்தவர்களுக்கு அந்தப் பிரதேசம் நன்கு அறிமுகமானதே. தந்தையார் பெனகல் ராகவேந்திர ராவ் ஒரு மருத்துவர். உடன்பிறந்தாருள் ராமராவ் பின்னாளில் ரிசர்வ் வங்கியின் கவர்னராக 1949 முதல் 1957 வரை பதவி வகித்தார். மற்றொரு சகோதரர் சிவராவ் புகழ்பெற்ற பத்திரிகையாளர். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரும் ஆவார்.

மங்களூர் கனரா உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நரசிங்க ராவ், பள்ளியிறுதித் தேர்வில் ராஜதானி முழுவதற்கும் முதல்வராகத் தேறினார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரி. 1905இல் ஆங்கிலம், பௌதிகம், சமஸ்கிருதம் ஆகிய மூன்றிலும் முதல் வகுப்பு. அடுத்த ஆண்டு கணிதத்திலும் முதல் வகுப்பு. இன்றைய பள்ளிகளில் இந்த நான்கையும் ஒருங்கே கற்க விரும்பும் பிள்ளைக்கு எந்தப் பிரிவில் இடம் கொடுப்பது என்று தலைமையாசிரியர் திகைத்து நிற்பார்! சமஸ்கிருதப் பயிற்சி பின்னாளில் ஸ்மிருதி நூல்களை மூலத்திலேயே படித்துச் சட்டம் ஆய உதவியது. கணிதப் பயிற்சியோ அவர் எழுதிய ஒவ்வொரு வரைவிலும், ஒரு சொல் மிகாமலும் குறையாமலும் நிற்கும் கட்டுக்கோப்பில் தெரிகிறது. உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் பயின்றார். ஜவாஹர்லால் நேரு அதே கல்லூரியில் அதே காலத்தில் மாணவராக இருந்தார். 1909இல் ஐ.சி.எஸ். தேர்வில் வென்று, வங்காளத்தில் பணியமர்த்தப்பட்டார்.

கிழக்கு வங்காளத்தின் பல மாவட்டங்களில் நீதிபதியாகப் பணியாற்றிய பின், 1925 முதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் அஸ்ஸாம் அரசின் சட்ட ஆலோசகராகவும் சட்டமன்றச் செயலராகவும் விளங்கினார். பின்னர் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் பணியில் டில்லி அவரை அழைத்துக்கொண்டது. நாட்டில் அமலில் இருந்த சட்டங்கள் அனைத்தையும் அப்புதிய சட்டத்துக்கு இணங்கத் திருத்தி அமைக்கும் பெருவேலையை அவர் முடித்துக் கொடுத்தார். 1938இல் சர் பட்டம் வந்தது. அடுத்துக் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானார். இவ்வளவும் ஒரு திறமையான அதிகாரியின் வாழ்க்கைக் குறிப்பே. அவருடைய தனித்தன்மையைக் காட்டிய முதல் பணி 1941இல் வந்த சிந்து நதி விவகாரம்.

பஞ்சாப் மாகாணம் சட்லெஜ் நதியில் பக்ரா என்னுமிடத்தில் பெரும் அணை கட்டத் திட்டமிட்டது. அவ்வாறு மேலே நீரைத் தேக்கினால், வெள்ளக் காலத்தில் தானாகவே நீர் ஏறிப் பாயும் தங்கள் கால்வாய்கள் வறண்டுபோகும் என்று கீழே இருந்த சிந்து மாகாணம் முறையிட்டது. இதனை விசாரிக்க 1941 செப்டம்பரில் அமைக்கப்பட்ட ஆணையத்துக்கு ராவ் தலைவர்; அவருக்குத் துணையாக இரு பொறியியல் வல்லுநர்கள்.

நாம் வாழும் தென்னேரியில் இவ்வழக்கை விளக்க ஆசிரியர் வேண்டியதில்லை. பழங்காலத்தில் திரையனேரி எனப் பெயர் கொண்ட இப்பேரேரியின் நீரை நம்பி வாழ்ந்த உழவர்க்கு, தலைமடையும் கடைமடையும் எப்போதும் ஒன்றாகச் சிரிப்பதில்லை என்பது தெரியும். என் வயல் முதலில் இருக்கிறது, ஆகவே நீர் முழுவதும் எனக்கே என்பான் தலைமடைக்காரன். ஆதி நாளில் எவ்வளவு வந்ததோ அதில் ஒரு சொட்டும் குறையக்கூடாது என்பான் கடைமடைக்காரன். இரண்டில் எதை ஏற்றாலும் ஊர் உருப்படாது. நாடுகளுக்கிடையே ஓடும் நதிகளைப் பற்றியும் அன்றைய உலகில் இவ்விரு வாதங்களே வலுவாக இருந்தன.

ராவ் அமெரிக்க உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கிடையே அளித்த நதிநீர்த் தீர்ப்புகளையும், பிற நாட்டு ஒப்பந்தங்களையும் நுணுகி ஆராய்ந்தார். 1942இல் அளித்த அறிக்கையில் இரண்டு வாதங்களையும் ஒதுக்கினார். முதலில் இரு தரத்தாரும் தாமே பேசி உடன்படுவது உத்தமம். அது கூடாதபோது, நதியை ஒரே உடைமையாகக் கருதி, ஏற்கெனவே பாசனம் பெற்றுவருவோரின் உரிமையைக் காத்து, நியாயமான பங்கீடு செய்ய வேண்டும் என்று வகுத்தார். பஞ்சாபின் திட்டங்களால் சிந்துவுக்குப் பாதகம் உண்டாகும் என ஒப்புக்கொண்டு, அதற்கு மாற்றாகச் சிந்துவில் புதிய தடுப்பணைகள் எழுப்பவும், அச்செலவில் பஞ்சாபும் பங்கேற்கவும் பரிந்துரைத்தார். இரு மாகாணங்களுமே இதை ஏற்க மறுத்து மேல்முறையீடு செய்தன. அது முடிவதற்குள் தேசமே இரண்டாகப் பிளந்தது. 1948 ஏப்ரலில் கிழக்குப் பஞ்சாப் கால்வாய்களை அடைத்தபோது, மாகாண வழக்கு நாடுகளின் வழக்காக மாறிவிட்டது. 1960இல் சிந்து நதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2025 ஏப்ரலில் இந்தியா அதனை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஆயினும் நியாயமான பங்கீடு என்ற ராவின் கோட்பாடு, பிற்காலத்தில் நம் நாட்டு நதிநீர் நடுவர் மன்றங்களுக்கு அடிப்படையாயிற்று. காவிரிக்காக நாம் எழுப்பிய வாதமும் இதே கோட்பாட்டைப் பற்றி நின்றதே.

இனி நம் இல்லங்களைத் தொட்ட பணிக்கு வருவோம்.

1937இல் ஹிந்துப் பெண்களின் சொத்துரிமைக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விதவைக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் அனுபவம் கொடுத்த அச்சட்டம், மகளைப் பற்றி வாய் திறக்கவில்லை, குழப்பங்களும் மலிந்திருந்தன. அவற்றைத் தீர்க்க 1941 ஜனவரியில் ராவ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. துண்டு துண்டாக ஒட்டுப் போடுவதில் பயனில்லை, திருமணம், தத்து, வாரிசுரிமை அனைத்தையும் ஒரே தொகுப்பாக வகுக்க வேண்டும் என்று அக்குழு கருதியது. 1944இல் குழு மீண்டும் அமைக்கப்பட்டபோதும் தலைவர் ராவே. துவாரகநாத மித்தர், கார்புரே ஆகியோருடன் நம் சென்னையின் டி.ஆர். வெங்கடராம சாஸ்திரியாரும் உறுப்பினர். வரைவை மாகாண மொழிகளில் பெயர்த்து வெளியிட்டு, 1945இல் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்குச் சென்று சாட்சியம் கேட்டார்கள். ஆதரவும் இருந்தது, கடும் எதிர்ப்பும் இருந்தது. சாஸ்திரங்களைத் தொடாதே என்றனர் ஒரு சாரார். 1947இல் அறிக்கை வந்தபோது மித்தரே மாறுபட்டு எழுதினார்.

அவ்வரைவு என்ன கூறிற்று? பிறப்பினாலேயே ஆண்மக்களுக்குக் குடும்பச் சொத்தில் உரிமை ஏற்படும் மிதாட்சர முறையை நீக்கிவிட வேண்டும். ஒருவன் மறைந்தபின் அவன் சொத்து மனைவிக்கும் மக்களுக்கும் சேர வேண்டும். மகளுக்கு மகனின் பங்கில் பாதி. இன்று பாதி என்பது நமக்குக் குறைவாகத் தோன்றும். அன்று அதுவே இடி விழுந்தாற்போல் இருந்தது. டாக்டர் அம்பேத்கரின் பொறுப்பில் மசோதா சென்றபோது பாதி முழுப் பங்காக உயர்ந்தது. அம்மசோதா நிறைவேறாமல் 1951இல் அம்பேத்கர் பதவி விலகியதும், பின்னர் 1955, 1956ஆம் ஆண்டுகளில் அது நான்கு தனிச் சட்டங்களாக நிறைவேறியதும் பலரும் அறிந்தவை.

அந்நான்கு சட்டங்களிலும், அவை யாருக்குப் பொருந்தும் என்று கூறும் பிரிவில் பௌத்தர், சமணர், சீக்கியர் என்று நம் பெயர் இடம்பெற்றுள்ளது. இதில்தான் நம் முன்னோர் சிலருக்கு மனக்குறை. சமணருக்கெனத் தனிச் சட்ட மரபு உண்டு என்பதைப் பத்ரபாகு சம்ஹிதை முதலிய நூல்களைக் காட்டி சம்பத்ராய் ஜெயின் 1926இல் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். அடுத்த ஆண்டே நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரியார், சமணர் ஹிந்து சமயத்திலிருந்து பிரிந்தவர்கள் என்ற கொள்கை வரலாற்றுக்கு ஒவ்வாதது, சமணம் தொன்மையான தனிச்சமயம் என்ற கருத்தை வெளியிட்டார். ஆனால் முந்தைய தீர்ப்புகள் கட்டுப்படுத்தியமையால், தனி வழக்கத்தை மெய்ப்பிக்காத வரையில் சமணருக்கும் ஹிந்து சட்டமே என்ற நிலை நீடித்தது. வடநாட்டில் அவ்வாறு மெய்ப்பித்தோரும் உண்டு. 1878இல் பிரிவி கௌன்சில் வரை சென்ற ஒரு வழக்கில், சமணக் கைம்பெண் ஒருத்தி கணவனின் முன் அனுமதியின்றியே தத்து எடுக்கலாம், அவன் தானே ஈட்டிய சொத்தை முழு உரிமையுடன் ஆளலாம் என்று தீர்ப்பாயிற்று. ஹிந்துக் கைம்பெண்ணுக்கு அன்று இல்லாத உரிமை இது! ராவ் பிறந்த தென்கன்னடத்திலும் சமணருள் பலர் தாய்வழியே சொத்து இறங்கும் அளியசந்தான முறையைக் கைக்கொண்டிருந்தனர்.

ஆக, ஒரே தொகுப்பு என்ற ராவின் திட்டத்தில் நம் தனித்தன்மை ஓரளவு கரைந்தது உண்மை. ஆயினும் தமிழகத்துச் சமணக் குடும்பங்களில் பெண்ணின் நிலை என்னவாக இருந்தது என்பதையும் நேர்மையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய நூல்களில் உயர்ந்த விதிகள் இருந்தன. நிலமோ மகன்களின் பெயரில் இருந்தது. மகளுக்குச் சீர் செய்து அனுப்பினால் கடமை முடிந்தது என்பதே நம் ஊர் வழக்கு. 1956இன் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. ஆனால் மூதாதையர் சொத்தில் பிறப்புரிமை ஆண்களுக்கே என்ற மிதாட்சர விதியை நாடாளுமன்றம் விட்டுவைத்தது. ராவ் அடைக்க விரும்பிய வாயில் திறந்தே இருந்தது. நம் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் மகளுக்கும் அப்பிறப்புரிமை நீட்டிக்கப்பட்டது. ராவ் அவ்வுரிமையையே ஒழிக்கச் சொன்னார்; பின்வந்தோர் அதைப் பெண்ணுக்கும் கொடுத்தார்கள். வழி வேறு, சென்று சேர்ந்த இடம் ஒன்று.

சேர்ந்தோமா என்பதும் கேள்வியே. சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு பேருந்து ஏறும் சகோதரிகளை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். மனமொப்பிக் கொடுத்தவர் உண்டு. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்றஞ்சிக் கொடுத்தவரும் உண்டு. இந்த இரண்டாவது கையொப்பத்தை எந்தச் சட்டமேதையாலும் தடுக்க முடியாது.

2014ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு சமணரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தபின், இனி ஹிந்து திருமணச் சட்டம் நமக்குப் பொருந்தாது எனச் சிலர் எண்ணினர். 2025இல் இந்தூர்க் குடும்ப நீதிமன்றம் ஒன்று அவ்வாறே கருதிச் சமணத் தம்பதியரின் மனுவைத் திருப்பியது; மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, சட்டத்தில் சமணர் என்று வெளிப்படையாகவே கூறப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. சிறுபான்மையினர் என்ற தகுதி வேறு, குடும்பச் சட்டம் வேறு என்பதை நம் குடும்பத்தினர் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

நிற்க. 1944இல் ஐ.சி.எஸ். பணியிலிருந்து ஓய்வு பெற்ற ராவ், ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகச் சிறிது காலம் இருந்தார். மகாராஜாவுடன் கருத்து ஒவ்வாமையால் 1945இல் விலகினார். 1946இல் அரசியல் நிர்ணய சபையின் சாசன ஆலோசகர் பொறுப்பை ஏற்றார். ஊதியம் வேண்டாம் என்ற நிபந்தனை இவருடையது. உலக நாடுகளின் சாசனங்களை ஆய்ந்து, ஒவ்வொரு பொருளிலும் எந்த நாடு எவ்வழி சென்றது, அதனால் விளைந்தது என்ன என்று உறுப்பினர்களுக்குக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். நல்லாசிரியர் ஒருவர் பாடக்குறிப்பு தயாரிப்பது போன்ற வேலை அது. கைதட்டல் கிடைக்காத வேலை. 1947 அக்டோபரில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்ட முதல் வரைவை முடித்தார். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு அதனைச் செப்பனிட்டு 315 பிரிவுகளாக்கியது. சபை ஏற்றுக்கொண்ட இறுதி வடிவில் 395 பிரிவுகள்.

வரைவை முடித்த கையோடு அமெரிக்கா, கானடா, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்று அறிஞர்களைக் கண்டு கலந்துரையாடினார். அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டர் ஒரு யோசனை கூறினார். தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நியாயமானதா என்று நீதிபதிகள் எடைபோட இடம் கொடுத்தால், மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சீர்திருத்தச் சட்டங்களை அவர்கள் தடுத்துவிடக்கூடும் என்பது அவர் அனுபவம். ராவ் இதனை ஏற்றார். ஆகவே சாசனத்தின் 21ஆம் பிரிவில், சட்டம் வகுத்த நடைமுறையின்படியன்றி ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்ற குறுகிய வாசகம் இடம்பெற்றது. சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்ற கேள்விக்கு இடமில்லை. சபையிலேயே பலர் இதனைக் குறைகூறினர். சாசனம் அமலுக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்சநீதிமன்றம் சென்றார். இவ்வாசகத்தைக் காட்டி அவர் வாதம் மறுக்கப்பட்டது. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பொருள் விரித்தது. இவ்விஷயத்தில் ராவின் முடிவு நமக்கு உடன்பாடன்று. நிலச்சீர்திருத்தம் தடைபடக்கூடாது என்ற நல்லெண்ணத்தால், சிறைக்கதவைத் தட்டுவோரின் கையிலிருந்த கோல் பறிபோயிற்று. மேதைகளின் முடிவுகளையும் விளைவுகொண்டே அளக்க வேண்டும்.

அதே ஆண்டில் பர்மா தேசத்தாரும் இவரை நாடினர். அவர்கள் சாசன வரைவுக்கும் ராவ் துணை நின்றார். 1947 செப்டம்பரில் பர்மா அதனை ஏற்றது. இரண்டு நாடுகளின் சாசன வரைவில் ஒருவரின் கை ஒரே ஆண்டில் படிந்தது அரிதினும் அரிது.

இதன்பின் அவர் வாழ்வு கடல் கடந்தது. சர்வதேச சட்டத்தைத் தொகுத்து வளர்க்க ஐக்கிய நாடுகள் சபை 15 அறிஞர்களைக் கொண்ட சர்வதேச சட்ட ஆணையத்தை நிறுவியபோது, அதன் முதல் உறுப்பினர்களுள் ஒருவராக ராவ் தெரிவானார். 1949 முதல் 1951 வரை அதில் பணியாற்றினார். அவருக்குப்பின் அவ்விடத்திற்கு வந்தவர், டோக்கியோ போர்க்குற்ற வழக்கில் தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய ராதாபினோத் பால். ராவ் அதே காலத்தில் ஐ.நா. சபையில் இந்தியாவின் பிரதிநிதியாகவும் இருந்தார்.

1950 ஜூன் மாதம் பாதுகாப்புச் சபையின் தலைமை சுழற்சி முறையில் இந்தியாவுக்கு வந்தது. ராவ் தலைவராக அமர்ந்திருந்த அம்மாதம் 25ஆம் நாள் கொரியாவில் போர் மூண்டது. வடகொரியா பின்வாங்க வேண்டும் என்ற தீர்மானத்தை அன்றே இந்தியா ஆதரித்தது. ஆனால் 27ஆம் நாள் தென்கொரியாவுக்குப் படை உதவி அளிக்கும் தீர்மானம் வந்தபோது, டில்லியிலிருந்து கட்டளை வந்து சேரவில்லை. தலைவர் நாற்காலியில் இருந்தபோதும் அவர் வாக்களிப்பில் பங்கேற்கவில்லை. பின்னர் இந்தியா அதனை ஏற்றதெனினும் போர்ப்படை அனுப்பவில்லை. நம் ஆர்க்காட்டு ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் மருத்துவப் படைப்பிரிவு ஒன்றையே அனுப்பியது. அவ்வாண்டு டிசம்பரில் போர் நிறுத்தத்திற்கு வழிகாண ஈரானின் என்டெஸாம், கானடாவின் பியர்சன், ராவ் ஆகிய மூவர் குழு அமைந்தது. சீனா அவர்கள் யோசனைகளுக்கு இணங்கவில்லை. 1951 பிப்ரவரியில் சீனாவை ஆக்கிரமிப்பாளர் எனக் கண்டிக்கும் தீர்மானத்தை, அது சமாதானப் பேச்சின் கதவை அடைத்துவிடும் என்பதால் இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றின் கோபத்திற்கு இந்தியா ஆளாயிற்று.

1951 டிசம்பரில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு ராவ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. 1952 பிப்ரவரி 6ஆம் நாள் பதவிக்காலம் தொடங்கியது. உலகமே கவனித்த வழக்கொன்று அப்போது மன்றத்தின் முன் இருந்தது. ஈரான் தன் எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கியதை எதிர்த்து இங்கிலாந்து தொடுத்த வழக்கு அது. பெரிய தேசத்தின் கம்பெனிக்கும் வறிய தேசத்தின் உரிமைக்கும் நடந்த இவ்வழக்கில், அண்மையில் விடுதலை பெற்ற ஆசிய நாட்டு நீதிபதி என்ன சொல்வார் என்று அறிய எவருக்கும் ஆவலிருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1951இல் பாதுகாப்புச் சபை இதே விவகாரத்தை ஆராய்ந்தபோது இந்தியாவின் பிரதிநிதியாக அங்கு அமர்ந்திருந்தமையால், தாம் இவ்வழக்கைக் கேட்பது முறையாகாது என்று மன்றத் தலைவரிடம் தெரிவித்து ஒதுங்கிக்கொண்டார். அவரின்றியே மன்றம் கூடி, 1952 ஜூலை 22ஆம் நாள், தனக்கு இவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று 9க்கு 5 என்ற கணக்கில் முடிவு செய்தது. சட்டம் பயில்வோர் நீதிபதியின் விலகலுக்கு எடுத்துக்காட்டாக இன்றும் இதனைக் கூறுகின்றனர். புகழ்தரும் வழக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எவரும் கேளாமலே எழுந்து சென்றவரை நாம் அதிகம் கண்டதில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் மொராக்கோவில் அமெரிக்கக் குடிமக்களின் உரிமைகள் குறித்த வழக்கில் தீர்ப்பாயிற்று. அமெரிக்காவின் ஹாக்வொர்த், எகிப்தின் படாவி, பிரேசிலின் லெவி கார்னீரோ ஆகியோருடன் சேர்ந்து ராவ் மாறுபட்ட கருத்தை எழுதினார். நால்வர் நான்கு கண்டங்களைச் சார்ந்தோர். நாட்டுப்பற்றின் அணிவகுப்பாக அதை யாரும் படிக்க முடியாது.

இன்னும் நெடுங்காலம் அம்மன்றத்தில் அவர் பணியாற்றியிருக்கக்கூடும். ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. நோய்வாய்ப்பட்டுச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில், 1953ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் தமது 66ஆம் வயதில் காலமானார். ஹேக் நகரில் அவர் அமர்ந்தது இரண்டாண்டுகூட நிறையவில்லை.

அவர் எழுதிவைத்த குறிப்புகளும் வரைவுகளும் கோப்புகளிலேயே உறங்கியிருக்கும். தம்பி சிவராவ் அவற்றைத் திரட்டி, ராஜேந்திர பிரசாத்தின் முன்னுரையுடன் 1960இல் நூலாக்கினார். 1988இல் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை ஒன்றை வெளியிட்டது. சர்வதேச நீதிமன்றத்தில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு 1954இல் தேர்தல் நடந்தது. வெற்றி பெற்றவர் பாகிஸ்தானின் சர் முகமது ஸபருல்லா கான். காஷ்மீர் விவகாரத்தில் பாதுகாப்புச் சபையில் இந்தியாவை எதிர்த்து வாதிட்டவர். மீண்டும் ஓர் இந்தியர், நாகேந்திர சிங், அம்மன்றத்தில் நீதிபதியாக அமர 1973ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று.